நாயனக்காரர் பதில்கள்: பாட்டனார் ஊரில் கச்சேரி

கேள்வி: எங்கள் வீட்டில் வந்து தங்கிய கிளாரினெட் கலைஞர் ஒருவர் யூதர், அமெரிக்காவில் பிறந்தவர். கொள்ளுத்தாத்தா ஊர் போலந்தில் கிராக்கோவாம். அங்கே கச்சேரிக்கு அழைத்திருக்கிறார்கள். “போகவும் ஆசை, போக வேண்டாம் என்றும் இருக்கிறது” என்றார். நாங்கள் முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால் சிங்கப்பூரிலிருந்து அடித்துப் பிடித்து ஓடி வருகிறோம். பூர்வீக ஊருக்குப் போக என்ன தயக்கம்? நீங்களும் ஐரோப்பாவில் வாசித்தவர்தானே?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, நீங்கள் படைப்புக்கு வரும்போது கதவைத் திறந்துவைக்கப் பங்காளிகள் இருக்கிறார்கள். வளவில் பந்தி நடக்கிறது, முகப்பில் உட்கார்ந்து நான் வாசிக்கிறேன். அவருக்கு அந்த ஊரில் யார் மிச்சம்?

போருக்கு முன்னால் கிராக்கோவில் நாலு பேரில் ஒருவர் யூதர், 60,000 பேருக்கு மேல். 1941 மார்ச்சில் நாஜிகள் விஸ்துலா ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பேட்டையை ஒதுக்கி, ஊரில் விட்டுவைத்திருந்த யூதர்களை அதற்குள் அடைத்தார்கள். 1943 மார்ச்சில் அதையும் காலி செய்தார்கள். ஆஷ்விட்ஸ் முகாம் அங்கிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். போலந்து முழுக்க இருந்த 33 லட்சம் யூதர்களில் சுமார் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்.

உங்கள் விருந்தாளியை எனக்குத் தெரியாது. என்னோடு ஒரு குழுவில் வாசித்த இன்னொரு கிளாரினெட்காரருக்கும் இதே கதைதான். பழைய யூதப் பேட்டையான காசிமியேஷில் எங்களுக்கு ஒரு சின்ன அரங்கு. பகலில் அவரோடு தெருவில் நடந்தேன். ஓட்டல் பலகைகளில் ஹீப்ரு எழுத்து, உள்ளே யூதக் கல்யாணப் பாட்டு. பொம்மைக் கடையில் தாடி வைத்த யூதர் கையில் ஒரு காசு. வீட்டில் வைத்தால் பணம் சேருமாம்! அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் வைத்துவிட்டார். சுற்றுலாப் பலகையில் காலையில் ஆஷ்விட்ஸ், பிற்பகல் உப்புச் சுரங்கம், இரண்டும் சேர்த்து ஒரே டிக்கெட். எனக்கே வயிறு கலங்கியது.

தாத்தா சொன்ன விலாசத்தில் கல் நிலைக்கால் அப்படியே இருந்தது. வேத வாசகத்தைச் சுருட்டி வைத்த சின்னக் கூட்டை வாசலின் வலப்பக்கம் சாய்வாகப் பதிப்பது யூதர் வழக்கம். கூடு இல்லை; பதித்த பள்ளம் மட்டும், நாலைந்து பூச்சு சாயத்துக்கு அடியிலும் சாய்வு தெரிய, இருந்தது. மேலே எல்லாம் வாடகை அறைகள். அவர் மணி அடிக்கவில்லை.

இதுவரை கேட்டால் கோபம் மட்டும்தான் என்று நினைப்பீர்கள். சாயங்காலம்தான் சிக்கல். அரங்கு நிறைய உள்ளூர் இளவட்டங்கள், ஏறக்குறைய யாருமே யூதர் இல்லை. அந்த ஊரில் 1988 முதல் நடக்கும் யூதக் கலாச்சார விழாவைத் தொடங்கியவர்களும் யூதர்கள் இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு போலந்துப் பையன் வாசித்தான். நஃப்தூலே பிராண்ட்வைன் என்று ஒரு மேதை, கிராக்கோவும் சேர்ந்த பழைய கலீசியா சீமையில் பிறந்து 1908இல் நியூயார்க் போனவர். 1920களில் அவர் கொடுத்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஏறியது பையனின் கை. நம்மாளும் அதே தட்டுகளில் பழகியவர்தான். பையன் இவரைவிட ஒரு பிடி கூடவே வாசித்தான் என்று நான் சொன்னால் அவர் சண்டைக்கு வருவார். “இவனைக் கட்டிக்கொள்வதா, இது எங்க வீட்டுச் சொத்து என்று பிடுங்குவதா?” என்று மேடைக்குப் பின்னால் என்னிடமே கேட்டார். கட்டிக்கொண்டார். அதற்காகப் பள்ளம் மறந்துபோய்விடுமா?

நமக்கு இதில் பாதி புரியும். 1930களில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் உங்கள் நகரத்தார் கையில். 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் நடந்தே வந்தவர்கள் எத்தனை பேர்! ரங்கூன் மொகல் தெருவில் எவனோ ஒருவன் கணக்குப் பிள்ளை பொம்மை விற்றுக்கொண்டு, “வாருங்கள், உங்கள் பாட்டைப் பாடுங்கள்” என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ஆனால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் ஐயாவுக்குத் திரும்பி வர கானாடுகாத்தானில் வீடு இருந்தது. மறுபடி உங்கள் விருந்தாளி வந்தால், ஏன் தயக்கம் என்று கேட்காமல் விலாசம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: யூதர்கள் பாட்டில் நம் ராகம் இருக்கிறதாமே, நிஜமா?
– நாயனம் பழகும் மாணவன், தேவகோட்டை

பதில்: ஸ்வரம் இருக்கிறது தம்பி. அவர்கள் ‘ஃப்ரைகிஷ்’ என்று சொல்லும் ஸ்வர வரிசை நம் வகுளாபரண ராகத்தின் ஸ்வரங்கள். அவர்களுடைய இன்னொரு வரிசை ஹேமவதி ராகத்துக்குப் பொருந்தும். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைக்கும் விதம், வேறு; கிளாரினெட்டில் ஒரு விம்மல் போடுவார்கள், அது நாயனத்தில் சுலபத்தில் வராது. ஹேமவதியை நீ முதலில் அரை மணி நேரம் தடுமாறாமல் வாசி. அப்புறம் யூடியூப் பக்கம் போ.