டென்வரில் முதல் நாள்: காரை விடுங்கள், மேலிருந்து கீழே நடங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி: “டாலஸில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 63. ஜூன் கடைசியில் மூன்று நாள் டென்வர் போய் ராக்கி மலை தேசியப் பூங்காவைப் பார்ப்பதாகத் திட்டம். ‘டென்வர் ஊருக்குள் ஒன்றுமில்லை, ஏர்போர்ட்டிலேயே காரை எடுத்துக்கொண்டு நேரே மலைக்குப் போய்விடு’ என்கிறார்கள் நண்பர்கள். கைடு இல்லாமல் நாங்களே நடந்து ஊரைப் பார்க்க முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?”

தாராளமாக முடியும். கைடும் தேவையில்லை. உங்கள் நண்பர்கள் சொன்னதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். உங்கள் பெற்றோரின் உடம்புக்காகத்தான் முதலில் சொல்கிறேன், ஊரின் அழகு அப்புறம்.

டாலஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 430 அடி உயரத்தில் இருக்கிறது. டென்வர் 5,280 அடி, அதாவது சரியாக ஒரு மைல். ராக்கி மலைப் பூங்காவில் டிரெயில் ரிட்ஜ் சாலையின் உச்சி 12,183 அடி. காலையில் டாலஸில் விமானம் ஏறியவர் மாலைக்குள் 12,000 அடியில் போய் நின்றால், வாலிபர்களுக்கே தலை வலிக்கும், வயிற்றைப் புரட்டும். டென்வரிலேயே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு. முதல் நாள் ஊருக்குள் மெதுவாக நடந்து, இரவு அங்கேயே தூங்கி, அடுத்த நாள் மலைக்குப் போனால் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும். கிளம்பும் முன் அப்பாவின் டாக்டரிடம் இந்த உயரங்களைச் சொல்லி, பயணத்துக்கும் மாத்திரைக்கும் யோசனை கேட்டுவிடுங்கள்.

காரை முதல் நாள் எடுக்கவே வேண்டாம். ஏர்போர்ட்டுக்குள்ளிருந்தே ‘ஏ லைன்’ ரயில் கிளம்புகிறது. 37 நிமிடத்தில் ஊரின் நடுவிலுள்ள யூனியன் ஸ்டேஷனில் இறக்கிவிடும். பெட்டிகளை ஓட்டலில் போட்டுவிடுங்கள். அறை தயாராகாவிட்டாலும் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

யூனியன் ஸ்டேஷனிலிருந்தே நடக்க ஆரம்பிப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. ஆனால் அந்த ஸ்டேஷன் ஊரின் தாழ்வான முனையில், ஆற்றோரம் இருக்கிறது. அங்கிருந்து நடந்தால் போகப் போக ஏற்றம். பெரிய ஏற்றமில்லைதான், ஆனாலும் இந்த உயரத்தில் முதல் நாள் அது தெரியும். ஸ்டேஷனிலிருந்து 16வது தெரு நெடுக ஓடும் இலவச பஸ்ஸில் ஏறி, மறுகோடியான சிவிக் சென்டரில் இறங்குங்கள். அங்கிருந்து மாநில சட்டமன்றக் கட்டடமான கேபிடல் கூப்பிடு தூரம். நடையை அங்கே தொடங்கினால் வழி முழுக்க இறக்கமாகவே ஆற்றுக்குப் போய்ச் சேரும். மொத்தம் 5 கிலோமீட்டர் இருக்கும். உட்கார்ந்து, காபி குடித்து, நாலைந்து மணி நேரத்தில் முடிக்கலாம்.

முடிந்தவரை காலையிலேயே கேபிடலுக்கு வந்துவிடுங்கள். சூரியன் கிழக்கே இருக்கும்போது மேற்கிலுள்ள மலைத்தொடர் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். கோடைகாலத்தில் மதியத்துக்கு மேல் மலை மேல் மேகம் திரண்டுவிடும், இடி மின்னலோடு மழையும் வரும். மேற்குப் படிகளில் நின்றால் கீழே பூங்கா, அதற்கு அப்பால் வளைந்த முகப்போடு மாநகராட்சிக் கட்டடம், அதற்கும் பின்னால் மலை. மலையை உயரமான கட்டடங்கள் மறைத்துவிடக் கூடாது என்று சில இடங்களிலிருந்து தெரியும் காட்சிக்கு இந்த நகரம் சட்டப் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. ஒரு ஊர் தன் மலையை இவ்வளவு மதிப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அந்தப் படிகளையே கொஞ்சம் குனிந்து பாருங்கள். 15வது படியில் ‘கடல் மட்டத்துக்கு ஒரு மைல் மேலே’ என்று ஆங்கிலத்தில் கல்லிலேயே செதுக்கியிருக்கும். அது 1909ல் அளந்த கணக்கு. 1969ல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் திரும்ப அளந்து, சரியான இடம் 18வது படி என்றார்கள். அங்கே வட்டமான ஒரு உலோகக் குறி இருக்கிறது. 2003ல் புதிய முறைப்படி அளந்தபோது அது 13வது படிக்கு இறங்கியது, அங்கும் ஒரு குறி வைத்தார்கள். மூன்றையும் எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அப்பாவை 13லும் அம்மாவை 15லும் நிற்க வைத்துப் படம் எடுங்கள். எந்தப் படியில் நின்றாலும் ஒரு மைல்தான் என்று பேசிக்கொள்ளலாம்.

கேபிடலுக்குள் திங்கள் முதல் வெள்ளி வரை இலவசமாகப் போகலாம், பையைச் சோதிப்பார்கள். சுவர்களில் பதித்த ரோஜா நிறக் கல்லைப் பாருங்கள். இந்த மாநிலத்தில் பியூலா என்ற ஊருக்கு அருகே வெட்டியது. அங்கே கிடைத்த கல் மொத்தமும் இந்த ஒரு கட்டடத்துக்கே செலவாகிவிட்டது. வெளியே குவிமாடத்தில் பளபளப்பது நிஜத் தங்கத் தகடு, ஊர் பிறக்கக் காரணமான தங்க வேட்டையின் நினைவாகப் போர்த்தியது. கழிவறைக்கும் இங்கேயே போய்விட்டு வருவது நல்லது.

கீழே சிவிக் சென்டர் பூங்காவைக் கடந்தால் ஒரு பக்கம் கலை அருங்காட்சியகம். டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்து 2006ல் திறந்த அதன் கூரிய முனைகளை வெளியிலிருந்து பார்த்தாலே போதும், உள்ளே போனால் அன்றைய நாள் அதிலேயே முடிந்துவிடும். பூங்காவின் மறுபக்கத்தில் அமெரிக்காவின் நாணயச் சாலைகளில் ஒன்று. உங்கள் பர்ஸில் இருக்கும் குவார்ட்டர் காசை எடுத்துப் பாருங்கள். சின்னதாக ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது இங்கே அடித்தது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் அனுமதி முறை என்னவென்று நாணயச் சாலையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி தவறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். டென்வரின் பழைய தெருக்கள் ஓடையையும் ஆற்றையும் ஒட்டிச் சாய்வாகப் போட்டவை. பின்னால் வளர்ந்த பகுதிகளின் தெருக்கள் நேர் வடக்கு, தெற்கு. இரண்டும் பிராட்வே, கோல்ஃபாக்ஸ் சாலைகளின் ஓரமாக முட்டிக்கொள்கின்றன. அதனால் 17வது ஸ்ட்ரீட் ஒன்று உண்டு, 17வது அவென்யூ என்று வேறொன்றும் உண்டு. போனில் முகவரி அடிக்கும்போது ஸ்ட்ரீட்டா அவென்யூவா என்று பார்த்து அடியுங்கள். கட்டடங்களுக்கு இடையே எங்காவது மலை தெரிந்தால் அது மேற்கு. இந்த ஊரில் திசை தெரிய அதைவிட நல்ல வழி இல்லை.

அந்த இரு தெருக்கட்டங்களும் முட்டிய இடத்தில் விழுந்த முக்கோண மனையில்தான் பிரவுன் பேலஸ் ஓட்டல் 1892ல் எழுந்தது. கட்டடமே முக்கோணம். கட்டியவர் ஹென்றி பிரவுன். நீங்கள் சற்று முன் நின்ற கேபிடலின் நிலத்தை 1868ல் தானமாகக் கொடுத்தவரும் அவரே. அரசு வருஷக்கணக்கில் எதுவும் கட்டாமல் போட்டு வைத்திருக்கவே, நிலத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டுத் தோற்றார். லாபிக்குள் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். வண்ணக் கண்ணாடிக் கூரை வரைக்கும் அடுக்கடுக்காக இரும்பு வேலைப்பாட்டுக் கைப்பிடிகள். அப்பா, அம்மா பத்து நிமிடம் உட்கார நல்ல இடம்.

இங்கிருந்து 16வது தெருவுக்கு வந்துவிடுங்கள். 1982ல் நடப்பவர்களுக்காக அமைத்த தெரு இது. 2022ல் தோண்ட ஆரம்பித்து 2025ல் புதுப்பித்து முடித்திருக்கிறார்கள். தரையில் பதித்த கிரானைட் கற்களில் ஓடும் கோலம் கிலுகிலுப்பைப் பாம்பின் முதுகிலிருந்து எடுத்தது. கடைகள் எல்லா ஊரிலும் உள்ளவைதான், வேகமாகக் கடந்துவிடலாம். நடுவில் இரண்டு தெரு விலகி 14வது தெருவுக்குப் போனால், மாநாட்டு அரங்கத்தின் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே எட்டிப் பார்க்கும் 40 அடி உயர நீலக் கரடி நிற்கும். அம்மா கால் வலி என்றால் அதை விட்டுவிடுங்கள். இந்தத் தெரு முழுக்க இலவச பஸ் ஓடுவதால் எந்த முனையிலும் ஏறிக்கொள்ளலாம்.

அரபஹோ தெரு முனையில் வெனிஸ் நகர மணிக்கோபுரத்தைப் பார்த்துக் கட்டிய டேனியல்ஸ் அண்ட் ஃபிஷர் கோபுரம், 325 அடி. ஒரு காலத்தில் இதை ஒட்டிப் பெரிய ஜவுளிக்கடை இருந்தது. நகரைச் சீரமைக்கிறோம் என்று 1960களிலும் 70களிலும் இந்தச் சுற்று வட்டாரத்தில் வரிசை வரிசையாக இடித்தபோது கடை போய்விட்டது, கோபுரம் மட்டும் தப்பியது.

கோபுரத்திலிருந்து அரபஹோ தெருவிலேயே ஒரு பிளாக் நடந்து 15வது தெரு முனைக்குப் போங்கள். பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் கவனிக்காமல் போகும் ஒரு சின்ன நினைவுப் பலகை அங்கே இருக்கிறது. சைலஸ் சோல் என்ற ராணுவ கேப்டனுக்கானது. 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் கிரீக் என்ற இடத்தில், சமாதானத்தை நம்பி முகாமிட்டிருந்த ஷையான், அரபஹோ என்ற பூர்வகுடி மக்களை சிவிங்டன் என்ற கர்னலின் படை சுட்டுக் கொன்றது. செத்தவர்கள் 150 பேருக்கும் மேல், பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். சோல் தன் படைப்பிரிவைச் சுடவிடவில்லை. பிறகு நடந்த விசாரணையில் பார்த்ததைப் பார்த்தபடி சாட்சி சொன்னார். 1865 ஏப்ரலில் இந்த வட்டாரத்தில் தெருவிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 26. தங்கக் குவிமாடத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்தப் பலகையையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தத் தங்கம் யாருடைய மண்ணிலிருந்து வந்தது என்பதை இந்தப் பலகை சொல்கிறது.

15வது தெருவிலேயே இரண்டு பிளாக் நடந்தால் லாரிமர் ஸ்கொயர். ஒரே ஒரு பிளாக்தான், 14க்கும் 15க்கும் நடுவே. அந்த இடிப்புக் காலத்தில் டானா கிராஃபோர்ட் என்ற பெண்மணி முன்னின்று காப்பாற்றிய பழைய செங்கல் கட்டடங்கள். இப்போது சாப்பாட்டுக் கடைகள். சைவம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். கொலராடோவில் எதன் மேலும் ஊற்றித் தரும் ‘கிரீன் சில்லி’ குழம்பு பெயருக்குப் பச்சை மிளகாய், ஆனால் வழக்கமாகப் பன்றி இறைச்சி போட்டுத்தான் செய்வார்கள். சைவமாகவும் சில கடைகளில் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

சாப்பிட்ட பிறகு செரி கிரீக் ஓடைப் பாதையில் இறங்குங்கள். பாதை தெரு மட்டத்துக்குக் கீழே, ஓடையை ஒட்டிப் போகிறது. சைக்கிள்கள் வேகமாக வரும், ஓரமாக நடங்கள். இடிச் சத்தம் கேட்டால் உடனே மேலே தெருவுக்கு ஏறிவிடுங்கள். பார்க்கச் சாதுவான இந்த ஓடையில் மழை பெய்தால் தண்ணீர் சட்டென்று ஏறும். 1858ல் தங்கம் தேடி வந்தவர்கள் இதன் ஒரு கரையில் ஆராரியா என்றும் மறுகரையில் டென்வர் என்றும் இரண்டு ஊர்கள் போட்டார்கள். இரு ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஓடைப் படுகையிலேயே கால் நட்டுப் பத்திரிகை அலுவலகம் கட்டினார்கள். அரபஹோக்கள் வெள்ளம் வருமென்று எச்சரித்ததாகச் சொல்வதுண்டு. 1864 மே மாத வெள்ளத்தில் அச்சு இயந்திரத்தோடு அது அடித்துப் போனது.

ஓடை சவுத் பிளாட் ஆற்றில் கலக்கும் இடம் கன்ஃபுளுயன்ஸ் பார்க். ஊர் பிறந்த இடம் இதுதான். ஜூனில் மலைப் பனி உருகி வரும் தண்ணீரில் கயாக் படகு விடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு படிகளில் உட்காரலாம். தண்ணீர் சுத்தமென்று சொல்ல முடியாது. காலை நனைத்தால் பிறகு கழுவிக்கொள்ளுங்கள். இங்கிருந்து யூனியன் ஸ்டேஷனுக்குக் கால் மணி நேர நடை. 2014ல் புதுப்பித்த அந்தப் பழைய ஹாலில் சாய்வு நாற்காலிகள், காபி, ஐஸ்கிரீம், கழிவறை எல்லாம் உண்டு. மேலே இருக்கும் ஓட்டலின் பெயர் ‘தி கிராஃபோர்ட்’, லாரிமர் ஸ்கொயரைக் காப்பாற்றிய அதே பெண்மணியின் பெயர்.

ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலாவது கையில் இருக்கட்டும். காற்று உலர்ந்தது, வியர்ப்பதே தெரியாது, தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும். தொப்பி, சன்ஸ்கிரீன் அவசியம், ஜூன் வெயில் இந்த உயரத்தில் சுள்ளென்று அடிக்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். அப்பா பேச்சை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினால் உட்காருங்கள். ஓய்வில் இருக்கும்போதும் மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் 911 அழையுங்கள். கோல்ஃபாக்ஸ் சாலையிலும் சந்துகளிலும் வீடில்லாதவர்கள் நிறைய இருப்பார்கள். பகலில் பெரும்பாலும் யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். இருட்டிய பிறகு ஆள் நடமாட்டமுள்ள தெருக்களிலேயே இருங்கள், ஓடைப் பாதை வேண்டாம்.

காரை இரண்டாம் நாள் காலையில் எடுங்கள். பூங்காவுக்குக் கோடையில் நேரம் குறித்த முன்பதிவு தேவைப்படுவது வழக்கம், உங்கள் தேதிக்கு என்ன விதி என்று பூங்காவின் இணையதளத்தில் இப்போதே பாருங்கள். முதல் இரவு அப்பாவுக்குத் தலைவலி இருந்தால் டிரெயில் ரிட்ஜை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவிட்டு, இரண்டாம் நாள் டென்வருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கத்துக்குப் போங்கள். அது 6,450 அடிதான், செம்பாறைகளுக்கு நடுவே அமைந்த இடம். ஆனால் அங்கே இருக்கைப் படிகள் ஏராளம். பெரியவர்களை மேல் வாசல் பக்கம் இறக்கிவிட்டு, நீங்கள் மட்டும் கீழே மேடை வரைக்கும் இறங்கி ஏறுங்கள்.