கட்டைவிரல் நுனியில் நிற்கும் ஒன்பது வயது

கேள்வி: ஞாயிறுதோறும் நானும் மகனும் (13) மகளும் (9) சைக்கிளில் கிளம்பிவிடுவோம். மகன் 20 கிலோமீட்டரைச் சளைக்காமல் ஓட்டுவான். மகளை நினைத்தால்தான் கவலை. அண்ணன் ஓட்டிய 24 அங்குல சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சீட்டை முழுக்க இறக்கிவிட்டேன். ஒரு பக்கம் சாய்த்தால் கட்டைவிரல் நுனி தரையைத் தொடுகிறது. அவள் 124 செ.மீ. உயரம்தான், இன்னும் ஒரு வருடத்தில் எட்டிவிடும். நேர்ப்பாதையில் ஒழுங்காக ஓட்டுகிறாள். நிறுத்தச் சொன்னால் அழுகை. ஓரக்கல் இருக்கும் இடமாகத் தேடிப் போய்த்தான் நிறுத்துவாள், அப்படியொரு பிடிவாதம். நாங்கள் முன்னே போய்க் காத்திருந்தாலும், வந்து சேரும்போது முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். ஒரு மாதமாக வரவே மாட்டேன் என்கிறாள். அண்ணன் ‘பயந்தாங்கொள்ளி’ என்று கூப்பிடுகிறான். ரோஷம் வரட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். சைக்கிள் என்றால் எனக்கு உயிர். சீட்டை 5 மி.மீ. ஏற்றியதில் என் முழங்கால் வலி போனதைக்கூடக் குறித்து வைத்திருப்பவன் நான். இவளுடைய பயத்தை எப்படிப் போக்குவது?

பதில்: ‘கட்டைவிரல் நுனி தரையைத் தொடுகிறது’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நிற்கிறேன். பிள்ளைக்கு விளையாட்டில் ஆர்வமில்லை, பயப்படுகிறது என்று வரும் கடிதங்களில் இப்படி ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கும், மட்டை பெரியவர்களுடையதாக இருக்கும். பிள்ளையின் மனதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவார்கள். பிள்ளையின் கையிலும் காலிலும் இருக்கும் பொருளைப் பற்றி அரை வரி.

உங்கள் மகள் எப்போது அழுகிறாள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். சைக்கிளுக்கே பயப்படும் குழந்தை இறக்கத்தில் அழும், வேகம் கூடினால் அழும். இவள் நிறுத்தும்போது அழுகிறாள். அந்தக் கணத்தில் அவள் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். வேகம் குறையக் குறைய வண்டி தள்ளாடுகிறது. அவள் சீட்டில் ஒரு ஓரமாகச் சரிய வேண்டும், வண்டியும் அவளோடு சாய வேண்டும். நன்றாகச் சாய்ந்த பிறகுதான் விரல் தரையைத் தொடும். அதற்குள் வண்டியின் பாரம் முழுக்க அந்த விரலுக்கு வந்துவிடும். முன்பக்கம் குலுக்கலைத் தாங்கும் ஷாக் வைத்த 24 அங்குல இரும்புச் சைக்கிள் 13 கிலோவாவது இருக்கும். ஒன்பது வயதுக் குழந்தையின் எடை 25 கிலோ என்று வைத்துக்கொண்டால், அவள் உடம்பில் பாதிக்கு மேல். 70 கிலோ எடையுள்ள பெரியவருக்கு இந்தக் கணக்குப்படி 36 கிலோ வண்டியைக் கொடுக்க வேண்டும். அதைச் சாய்த்து ஒற்றைக் கட்டைவிரலில் தாங்கிப் பாருங்கள்.

ஓரக்கல்லைத் தேடுவதைப் பிடிவாதம் என்கிறீர்கள். அந்தக் கல் தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்கு உயர்ந்திருக்கும். தன் காலுக்குக் குறைகிற உயரத்தை அவள் அந்தக் கல்லிடம் வாங்கிக்கொள்கிறாள். யாரும் சொல்லித்தராமல், ஓட்டிக்கொண்டே, தூரத்திலேயே கல்லைப் பார்த்து வைத்து, அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறாள். இதைச் செய்கிற குழந்தைக்குத் துணிச்சலும் இருக்கிறது, புத்தியும் இருக்கிறது. கூட வந்த அப்பாவுக்குத்தான் கண் இல்லை.

பந்தயம் ஓட்டுபவர்களுக்கும் சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாதே என்று சொல்வீர்கள். எட்டாதுதான். அவர்கள் சீட்டில் உட்கார்ந்தபடி நிற்பதில்லை. பிரேக் பிடித்துக்கொண்டே சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, குறுக்குக் கம்பிக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நிற்பார்கள். உங்கள் மகளுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. 124 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்குக் கால் கவட்டிலிருந்து தரை வரையுள்ள உள்கால் அளவு 55 செ.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். 24 அங்குல வண்டிகள் பெரும்பாலானவற்றில் குறுக்குக் கம்பியின் உயரமே 60 செ.மீ.யை ஒட்டி வரும். சீட் எவ்வளவு இறக்கினாலும் 65க்குக் கீழே போகாது. சீட்டிலும் எட்டவில்லை, கம்பியிலும் இறங்க முடியாது. குதித்து விழுவது ஒன்றுதான் பாக்கி.

குரங்குப் பெடல் போட்டே பெரிய சைக்கிளை ஓட்டக் கற்றவர்கள் இல்லையா என்ற கேள்வியும் வரும். குரங்குப் பெடலில் குழந்தை சீட்டில் ஏறுவதே இல்லை. கம்பிக்குக் கீழே காலை விட்டு நின்றபடியே ஓட்டும். வண்டி சாய்ந்தால் ஒரே எட்டில் தரையில் நிற்கும். அந்தக் குழந்தைக்குத் தரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உங்கள் மகளை நீங்கள் சீட்டில் ஏற்றி உட்கார வைத்திருக்கிறீர்கள்.

இந்தப் பாடத்தைச் சைக்கிள் உலகம் 1885இலேயே படித்து முடித்துவிட்டது. அதுவரை பரவலாக ஓடியவை ஆளுயர முன்சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்து ஓட்டும் வண்டிகள். சட்டென்று நின்றால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி அந்த ஆண்டு ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். சக்கரங்களைச் சிறிதாக்கி, பின்சக்கரத்துக்குச் செயின் போட்டு, சீட்டைத் தாழ்த்தினார். கால் தரைக்கு அருகே வந்தது. அந்த வகை வண்டிக்கே ‘பாதுகாப்பு சைக்கிள்’ என்று பெயர் நின்றது. அந்தப் பாதுகாப்பைப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ரோஷத்தை வைக்கப் பார்க்கிறீர்கள்.

‘இன்னும் ஒரு வருடத்தில் எட்டிவிடும்’ என்ற கணக்கும் தப்பு. இந்த வயதில் குழந்தை ஆண்டுக்கு 5, 6 செ.மீ. உயரும். அதில் காலின் பங்கு ஏறக்குறைய பாதி, 3 செ.மீ. என்று வையுங்கள். கம்பிக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியோடு அவள் நிற்க உள்கால் 62 செ.மீ. ஆக வேண்டும். இன்னும் 7 செ.மீ. பாக்கி. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அவள் சைக்கிளை மறந்தே போயிருப்பாள்.

என் கணக்கை நம்பி உட்காராமல் நாளைக் காலையிலேயே அளந்து பாருங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்ட, பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, அதன் ஓரம் சுவரில் ஒட்டியிருக்க, சீட்டில் உட்கார்வது போன்ற அழுத்தம் வரும்வரை அவளே மேலே தூக்கட்டும். புத்தகத்தின் மேல்விளிம்பில் சுவரில் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். மெதுவாகத் தூக்கினால் அளவு குறைவாக வரும், எனவே இரண்டாம் முறையும் எடுங்கள். பிறகு வண்டியை நிமிர்த்தி வைத்து, சீட்டின் மேல்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு என்று பாருங்கள். நிறுத்தப் பயப்படும் குழந்தைக்கு இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், அதாவது உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். தைரியம் வந்தபின் சீட்டை 2 செ.மீ. 2 செ.மீ.யாக ஏற்றி, முன்பாதம் ஊன்றும் உயரத்தில் நிறுத்தலாம். அது உள்காலைவிட 5, 6 செ.மீ. கூடுதல். ஏற்றும்போது சீட் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது.

அவளுடைய உயரத்துக்கு 20 அங்குல சக்கரம்தான் சரியாக வரும். பழையதாக இருந்தால் போதும். இரவல் கிடைத்தால் அதுவும் நல்லது. பெட்டியில் போட்டிருக்கும் வயதைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே சக்கர அளவில் சட்டத்தின் உயரம் வண்டிக்கு வண்டி மாறும். ஷாக், நிறைய கியர் எதுவும் வேண்டாம். இந்த எடைக்கு அந்த ஷாக் அமுங்குவதே அபூர்வம், பாரம் மட்டும் கூடும். பெடலை நடு அச்சோடு இணைக்கும் தண்டின் நீளத்தைக் கவனியுங்கள். 24 அங்குல வண்டிகளில் அது பெரும்பாலும் 152 மி.மீ.யை ஒட்டி இருக்கும், இவளுக்கு 125ஐ ஒட்டி இருந்தால் போதும். தண்டு நீளமானால் பெடல் மேலே வரும்போது முழங்கால் நெஞ்சுக்கு ஏறும், கீழே போகும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். அவள் ஓட்டும்போது பின்னாலிருந்து சீட்டைப் பார்த்தாலே அந்த ஆட்டம் தெரியும்.

பிரேக்கை எத்தனை நாளாகப் பார்க்கவில்லை? பதின்மூன்று வயதுக் கைக்கு வைத்த பிடி ஒன்பது வயது விரலுக்கு எட்டாது. ஹேண்டிலைப் பிடித்தபடி விரலை நீட்டினால், விரல் நுனியிலிருந்து முதல் கணு பிரேக் பிடியின் மேல் மடங்க வேண்டும். அடுத்து வரும் வண்டியிலும் இதைப் பாருங்கள். பிடியின் உட்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும். 2 அல்லது 2.5 மி.மீ. அலன் கீயோ (அறுகோணச் சாவி) சிறிய ஸ்க்ரூடிரைவரோ போட்டு உள்ளே முறுக்கினால் பிடி ஹேண்டிலை நோக்கி நெருங்கும். நெருக்கியபின் கேபிளைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் பிரேக் பிடிப்பதற்கு முன்பே பிடி ஹேண்டிலில் முட்டிவிடும். ரிம்மில் பிடிக்கும் பிரேக்கானால் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் பக்கத்துக்கு 1, 2 மி.மீ. இடைவெளி போதும். கட்டை டயரை உரசக் கூடாது, உரசினால் ஒருநாள் டயரை அறுத்துவிடும். பழைய வண்டியில் பெரும்பாலும் கோளாறு கேபிளில்தான்; உறைக்குள் துரு ஏறி, எவ்வளவு அமுக்கினாலும் பாதி விசை வழியிலேயே தின்றுபோகும். உள்கம்பி, உறை இரண்டையும் மாற்றிவிடுங்கள். அவள் இரண்டு விரலால் அமுக்கி, ஓடும் சக்கரம் நிற்க வேண்டும். நிறுத்த முடியாத பயத்தில் பாதி இந்தப் பிரேக்கிலும் இருக்கலாம்.

ஹெல்மெட்டும் அண்ணனுடையதா? எத்தனை முறை கீழே விழுந்தது என்று தெரியாத ஹெல்மெட்டைத் தலையில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் பிறகு தாங்காது, வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது.

புது வண்டி வந்ததும் பயணம் வேண்டாம். இரண்டு வாரம் சமதளத்தில், தினம் இருபது நிமிடம், நிறுத்துவதை மட்டும் பழகட்டும். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். முன்சக்கரம் கோட்டில் நிற்கும்படி இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன்பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் பின்சக்கரம் தூக்கும், பின்பிரேக்கை மட்டும் பிடித்தால் வழுக்கும். கிளம்பும்போது ஒரு பெடலை, சைக்கிளின் வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகாரத்தின் 2 மணி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் பாதத்தை வைத்து அமுக்கட்டும். பெடல் அடியில் இருந்தால் உந்தலே கிடைக்காது. பத்து முறை தொடர்ந்து கோட்டில் நின்றுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகலாம், 5 கிலோமீட்டருக்கு மிகாமல்.

முன்னே போய்க் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் தவறு. நீங்களும் மகனும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறீர்கள். அவள் மூச்சிரைக்க வந்து சேருகிறாள். ‘வந்துட்டியா, கிளம்பு’ என்கிறீர்கள். யாருக்கு அதிகம் ஓய்வு தேவையோ அவளுக்குத்தான் கொஞ்சமும் இல்லை. முகத்தைத் தூக்காமல் என்ன செய்வாள்? இனி மகன் முன்னால், மகள் நடுவில், நீங்கள் கடைசியில், அரை வண்டி அளவு சாலையின் நடுப்பக்கமாகத் தள்ளி. வேகத்தைச் சொல்வது அவள். பதின்மூன்று வயதில் தங்கையின் வேகத்துக்குத் தன் காலை அடக்கி ஓட்டத் தெரியாத அண்ணனுக்கு 20 கிலோமீட்டர் ஓட்டத் தெரிந்து என்ன பயன்?

அண்ணன் ஓட்டியதைத் தங்கைக்குக் கொடுத்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பொருளை வீணாக்காத வீடு நல்ல வீடு. ஆனால் வாங்கிக்கொள்பவளின் அளவு வந்தபிறகுதான் கைமாற்ற வேண்டும். உங்கள் முழங்காலுக்காக 5 மி.மீ.யைக் குறித்து வைத்தீர்கள். மகளின் காலுக்குப் பத்து செ.மீ. குறைகிறது, அதைக் குறிக்கத் தோன்றவில்லை. 1887இல் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரைச் செய்து பார்த்தது மகனுக்காக. பையனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தரையில் குலுங்கியது. அப்பா சக்கரத்தைத் திருத்தினார், பையனைத் திட்டவில்லை. தகப்பனுக்கு அதுதான் அழகு.

‘பயந்தாங்கொள்ளி’ என்ற பெயர் உங்கள் முன்னால், உங்கள் மௌனத்தோடு வைக்கப்பட்டது. பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்து, ‘சைக்கிள் இவளுக்குப் பெரிசு, நான்தான் கவனிக்கலை’ என்று மகனின் காதுபடச் சொல்லுங்கள். புது வண்டியைத் தருவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள், பின்னால் சொன்னால் வண்டிதான் மன்னிப்பு என்றாகிவிடும். பிரேக் பிடியைத் திருத்துவதும் கேபிள் மாற்றுவதும் மகனின் வேலையாக இருக்கட்டும்.

24 அங்குல வண்டியை விற்க வேண்டாம். செயினுக்கு எண்ணெய் போட்டுச் சுவரில் மாட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே புத்தகத்தால் உள்காலை அளந்து, அதே சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். 62 செ.மீ. தாண்டிய அன்று வண்டியை இறக்கி, காலை அகட்டி அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்காலும் தரையில் பதிந்து, கம்பிக்கு மேலே உங்கள் இரண்டு விரல் நுழைந்தால், அன்றுமுதல் அது அவளுடைய சைக்கிள்.