வாசகர் கேள்வி பதில்: குவார்ட்டர்பேக்கை எண்களால் அளக்க முடியுமா?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கும் என் அக்காள் மகன், ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அவன் கல்லூரி அணியின் குவார்ட்டர்பேக்கைப் பற்றியே பேசுகிறான். அந்த இளைஞர் ஆட்டங்களை வென்று தருகிறாராம். ஆனால் கணினிக் கணக்கில் வரும் தரவரிசைகள் அவரை முப்பதாம் இடத்துக்கும் கீழே வைத்திருக்கின்றனவாம். எனக்குத் தெரிந்தது நம் ஊர்க் கால்பந்து மட்டுமே. இந்தத் தரவரிசைகள் நியாயமானவைதாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தங்கள் அக்காள் மகனின் வருத்தத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று சொல்வதற்கு முன் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரிகள் சொல்லிவிடுகிறேன். பெயர் கால்பந்து என்றாலும், அமெரிக்கர்களின் இந்த ஆட்டத்தில் நீள்வட்டப் பந்தைக் கையால் எறிவதும் கையில் ஏந்தி ஓடுவதுமே முக்கியம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். ஏறத்தாழ ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேருவது குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான் என்பதால், பதினொருவர் சேர்ந்து செய்யும் வேலைக்கான புகழும் பழியும் அவர் தலையிலேயே விழுகின்றன.

கல்லூரி ஆட்டத்தில் 1979 முதல் வழக்கில் உள்ள எறிவு மதிப்பெண்ணை முதலில் பார்ப்போம். எறிந்து பெற்ற யார்டுகளை 8.4 ஆலும், டச் டவுன்களை (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்த்துப் புள்ளி பெறுவதை) 330 ஆலும், பிடிக்கப்பட்ட எறிவுகளை 100 ஆலும் பெருக்கிக் கூட்டி, எதிரணி இடைமறித்த ஒவ்வொரு பந்துக்கும் 200 கழித்து, வருவதை மொத்த எறிவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் சுவையான செய்தி. 1965 முதல் 1978 வரையிலான ஆட்டங்களின் சராசரி எறிவாளருக்குச் சரியாக நூறு மதிப்பெண் வரும்படி இவை பொருத்தப்பட்டன. அந்தக் காலத்துச் சராசரியில் நூறு எறிவுகளில் நான்கு டச் டவுனும் ஆறரை இடைமறிப்பும் இருந்தன. 330, 200 என்ற பெருக்கங்களை இட்டால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஓர் இடைமறிப்பால் அணியின் வெற்றி வாய்ப்பு எவ்வளவு குறைகிறது என்பதை ஆராய்ந்து வைத்த எடை இதுவன்று. கணக்கு நூறில் வந்து முடிவதற்காக வைத்த எடை. அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஆட்டத்துக்கு அடித்த படிக்கல்லைக் கொண்டு இன்றும் நிறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

படிக்கல் பழையது என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யாருடைய சரக்கு யார் பெயரில் நிறுக்கப்படுகிறது என்பதே என் கவலை. ஒரு குவார்ட்டர்பேக் முப்பது முறை எறிந்து, இருபது பந்துகள் பிடிக்கப்பட்டு, 240 யார்டு, இரண்டு டச் டவுன், ஓர் இடைமறிப்பு என்று ஆட்டத்தை முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 149.2 மதிப்பெண் வரும். இப்போது, நாற்பது யார்டு தொலைவில் டச் டவுனாக வேண்டிய ஒரு பந்தைத் தோழர் கைநழுவ விட்டார் என்றும், அந்த இடைமறிப்புகூட வேறொரு தோழரின் மார்பில் பட்டுத் தெறித்த பந்துதான் என்றும் கொள்ளுங்கள். முதல் பந்து பிடிக்கப்பட்டு, இரண்டாவது தரையில் விழுந்திருந்தால் அதே மனிதருக்கு 181.4 கிடைத்திருக்கும். எறிந்த கை இரண்டு கணக்கிலும் ஒன்றேதான். இதற்கு நேர்மாறாக, பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு யார்டு தூரத்தில் தட்டிவிட்ட பந்தை அவர் எழுபது யார்டு ஓடிக் கொண்டுபோய்ச் சேர்த்தாலும், முழு யார்டும் எறிந்தவர் கணக்கில் வரவாகிவிடும்.

இதைவிட எனக்கு உறுத்தலான குறை ஒன்று உண்டு. எறிய நேரமில்லாமல் எதிரணியிடம் பந்தோடு வீழ்த்தப்படுவதைக் கல்லூரிக் கணக்கேடு ஓட்டத்தில் ஏற்பட்ட இழப்பாகவே எழுதிக்கொள்கிறது. எறிவு மதிப்பெண்ணில் அது எட்டிப்பார்ப்பதே இல்லை. ஆகவே பந்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்று எட்டு யார்டு பின்னால் வீழ்பவருக்கு மதிப்பெண் குறைவதில்லை. அணியின் நலன் கருதிப் பந்தை ஆளில்லாத இடத்தில் வெளியே எறிபவருக்குக் குறைகிறது. இதை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

புதிய கணக்குகள் இந்தக் குறைகளில் பலவற்றைச் சரிசெய்திருக்கின்றன. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பு, எத்தனையாவது முயற்சி, எத்தனை யார்டு தேவை, மைதானத்தில் எந்த இடம் என்பவற்றைக் கொண்டு அந்த அணி எத்தனை புள்ளி பெற வாய்ப்புள்ளது என்று மதிப்பிடுகிறார்கள்; முயற்சிக்குப் பின் அந்த மதிப்பு ஏறியதா இறங்கியதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் முயற்சியில் பன்னிரண்டு யார்டு வேண்டியிருக்கும்போது பத்து யார்டு பெறுவதால் பெரும்பாலும் பயனில்லை; ஒரு யார்டு வேண்டியிருக்கும்போது இரண்டு யார்டு பெறுவது பொன். பழைய மதிப்பெண் முதலாமவரைத்தான் மெச்சும், புதியது இரண்டாமவரை மெச்சும். விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈஎஸ்பிஎன் 2011இல் அறிமுகப்படுத்திய கியூபிஆர் என்னும் நூற்றுக்கான மதிப்பெண் இந்த வழியில் வந்ததே. அது ஓட்டத்தையும் வீழ்த்தப்படுவதையும் சேர்த்துக்கொள்கிறது. வெற்றி தோல்வி முடிவான பிறகு வந்த யார்டுகளின் எடையைக் குறைக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் எதிரணியின் வலிமையையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் அதன் முழுச் சூத்திரமும் வெளியில் இல்லாததால், ஒருவர் ஏன் இறங்கினார் என்பதைச் சரிபார்க்க வாசகருக்கு வழியில்லை.

சூத்திரம் எதுவானாலும், அணியின் உழைப்பைத் தனியொருவரின் பெயரில் எழுதும் பழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. ஜோ பர்ரோ 2018இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது அவர் எறிந்தவற்றில் 57.8 சதவீதம் பிடிக்கப்பட்டது, மதிப்பெண் 133.2. அடுத்த ஆண்டு 76.3 சதவீதம், 60 டச் டவுன், மதிப்பெண் 202. அவர் வளர்ந்தார் என்பது உண்மை. அந்த ஆண்டு ஜோ பிரேடி என்ற பயிற்சியாளர் புதிய எறிவு முறையோடு வந்து சேர்ந்தார் என்பதும், பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்ற ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் அவர் பந்துகளைப் பிடித்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. வளர்ச்சியில் யார் பங்கு எவ்வளவு என்று 202 என்ற எண்ணைப் பிளந்து பார்க்க முடியாது. 2020இல் அலபாமாவின் மேக் ஜோன்ஸ் அதுவரை எவரும் எட்டாத 203.1 மதிப்பெண் பெற்றார். ஆனால் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான அந்த ஆண்டின் ஹைஸ்மன் விருதை வாக்காளர்கள் அவருக்குத் தரவில்லை, அவர் பந்துகளைப் பிடித்த டெவோன்டா ஸ்மித்துக்குத் தந்தார்கள். சூத்திரத்துக்கு எட்டாத பங்கீட்டை வாக்காளர்கள் தங்கள் போக்கில் செய்துவிட்டார்கள்.

இனி, நியாயமில்லாத பாதி. முப்பதாம் இடம் என்பதற்காகத் தங்கள் அக்காள் மகன் இத்தனை வருந்த வேண்டியதில்லை. வழக்கமான பருவம் பன்னிரண்டு ஆட்டம். ஆட்டத்துக்கு முப்பது எறிவு என்று கொண்டால் 360. நூற்றுக்கு 65 பந்துகளைச் சரியாகச் சேர்க்கும் திறமையுள்ளவருக்குக்கூட, 360 எறிவுகளில் தற்செயலாகவே இரண்டரை சதவீதம் மேலோ கீழோ போவது இயல்பு. பட்டியலின் நடுவில் பத்துப் பதினைந்து பேர் அந்த இடைவெளிக்குள்ளேயே நெருக்கியடித்து நிற்பார்கள். முதலாமவருக்கும் எண்பதாமவருக்கும் உள்ள வேறுபாட்டை நான் நம்புவேன். இருபதாமவருக்கும் முப்பதாமவருக்கும் உள்ளதை நம்பமாட்டேன்.

கேள்வி: எங்கள் கடற்கரையில் கோப்பையை யார் தூக்கினார்கள் என்பதுதான் பேச்சு. வெற்றிகளை மட்டும் எண்ணினால் போதாதா? (வாசகர், தூத்தூர்)

பதில்: போதாது. மேலே குறை சொன்ன மதிப்பெண்ணைவிட அது இன்னும் நியாயமற்றது. குவார்ட்டர்பேக் களத்தில் நிற்பது தம் அணியிடம் பந்து இருக்கும்போது மட்டுமே. எதிரணி தாக்கும்போது அவர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். 45 புள்ளி சேர்த்துக் கொடுத்தும் தற்காப்பு 48 விட்டுக்கொடுத்தால் தோல்வி அவர் பெயரில் எழுதப்படும். மேலும், முதல்நிலைப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட அணிகள் இருக்க, ஓர் அணி பன்னிரண்டு அணிகளோடுதான் மோதுகிறது. எளிய அணிகளாகப் பார்த்துப் பெற்ற பத்து வெற்றிகளும், வலியவர்களிடம் போராடிப் பெற்ற ஏழும் எப்படி ஒரே தட்டில் நிற்கும்? உங்கள் கடற்கரை ஊர்களில் நான் பார்த்த கால்பந்து ஆட்டங்களில், தோற்ற அணியின் கோல்காப்பாளரே அன்றைய சிறந்த ஆட்டக்காரர் என்று கூட்டம் ஒத்துக்கொண்ட மாலைகள் உண்டே!

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர்களை லிட்டர் கணக்கில் மட்டும் மதிப்பிட்டால் நல்ல மரம் கிடைத்தவரே வெல்வார். அப்படியானால், எண்ணை விட்டுவிட்டுப் பார்ப்பவர் கண்ணையே நம்பலாமா? (வாசகி, குலசேகரம்)

பதில்: தங்கள் உவமை என் விடையைவிடத் தெளிவாக இருக்கிறது. ஆனால் பால் வாங்கும் வியாபாரி லிட்டரோடு நிறுத்துவதில்லை. அதில் எத்தனை சதவீதம் உலர் ரப்பர் என்றும் பார்த்தே விலை சொல்கிறார். அதுவும் ஓர் எண்தான். ஆகவே எண்ணைக் கைவிடுவதைவிட நல்ல எண்ணைத் தேடுவதையே நான் விரும்புவேன்.

கண்ணையும் எண்ணையும் சேர்க்கும் முயற்சி ஒன்று நடக்கிறது. பிஎஃப்எஃப் என்னும் ஆட்ட ஆய்வு நிறுவனத்தார் ஒவ்வொரு முயற்சியையும் காணொளியில் பார்த்து, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் கழித்தல் இரண்டு முதல் கூட்டல் இரண்டு வரை மதிப்பிடுகிறார்கள். நழுவவிட்ட பந்து அங்கே எறிந்தவர் குற்றமாவதில்லை. எனினும், களத்தில் கூறப்பட்ட திட்டம் என்ன என்பது காணொளி பார்ப்பவருக்குத் தெரியாது. ஆளில்லாத இடத்தில் பந்து விழுந்தால், எறிந்தவர் தவறினாரா, பிடிக்க வேண்டியவர் வேறு பக்கம் ஓடிவிட்டாரா என்பதை அவர் ஊகித்தே எழுத வேண்டியிருக்கிறது.

ஜோஷ் ஆலன் 2017இல் வயோமிங் பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது அவர் எறிந்தவற்றில் 56.3 சதவீதமே பிடிக்கப்பட்டது. எண்களை நம்பிய பலர் அவரை ஐயத்தோடு பார்த்தார்கள். அவர் கையின் வலிமையைப் பார்த்த பஃபலோ தொழில்முறை அணி, கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாக எடுக்கும் 2018 தேர்வில் அவரை ஏழாவது ஆளாக எடுத்துக்கொண்டது. தொழில்முறை ஆட்டத்தின் 2024 பருவத்து மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. கண்ணை நம்புவோர் இந்தக் கதையை ஓயாமல் சொல்வார்கள். கண்ணை மட்டும் நம்பி எடுத்து ஏமாந்த அணிகளின் கதைகளை அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.