சக்கர நாற்காலியும் ஏற வேண்டும், வண்டியும் சின்னதாக வேண்டும் என்றால்
அம்மாவின் மடக்கு சக்கர நாற்காலி ஏறும் பழைய சின்ன கார் கேட்டிருந்தீர்கள். ஹோண்டா ஜாஸ் பாருங்கள். பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் பின்சீட்டின் அடிப்பகுதியைத் தியேட்டர் நாற்காலி மாதிரி மேலே மடக்கிவிடலாம், அந்த இடத்தில் சக்கர நாற்காலியைக் கால்தாங்கி கழற்றி மடக்கி, நின்றவாக்கிலேயே பின்கதவு வழியாக ஏற்றப் பார்க்கலாம், டிக்கியைத் தொடவே வேண்டாம். ஆனால் சில பதிப்புகளில் அந்த சீட் கிடையாது, விளம்பரத்தை நம்பாமல் நீங்களே மடக்கிப் பாருங்கள். நாற்காலியையும் கையோடு கொண்டுபோங்கள். அம்மாவையும்தான், முன்சீட்டில் இரண்டு முறை உட்கார்ந்து எழட்டும். அப்புறம் ஸ்டெப்னி குழியைத் திறந்து விரலால் தடவுங்கள். ஈரமோ துருவோ தட்டுப்பட்டால் விலை பேசவே வேண்டாம், நான் பேசி மாட்டியிருக்கிறேன்.