பிக் ட்ராக் 90 பாகைக்குப் பதில் ஏன் கோணலாகத் திரும்புகிறது?

1979-இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட ஆறு சக்கரப் பொம்மை வண்டி இது. உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ் 1000 என்ற கணினிச் சில்லு (சிப்). முதுகிலுள்ள விசைப்பலகையில் 16 கட்டளைகள் வரை பதியலாம். முன்னே போக ஓர் அலகு என்றால் வண்டியின் ஒரு நீளம். திரும்புவதற்கோ கடிகார நிமிடக் கணக்கு: 15 தட்டினால் கால் வட்டம்.

கோளாறு பெரும்பாலும் தரையில்தான். சில்லுக்குத் தெரிவது சக்கரம் சுற்றிய அளவு மட்டுமே, வண்டி நிற்கும் திசை அல்ல. வழுவழுப்பான தரையிலும் கம்பளத்திலும் சக்கரம் வழுக்கும் அளவு வேறு. எனவே அதே தரையில் 14, 15, 16 எனத் தட்டிப் பார்த்து, சரியாக வரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் பேட்டரியைப் பாருங்கள்: மோட்டாருக்கு நான்கு பெரிய டி செல்கள், மின்னணுப் பகுதிக்குத் தனியாக 9 வோல்ட் ஒன்று. விசைகள் வேலை செய்தும் வண்டி நகராவிட்டால், டி செல்களை மாற்றுங்கள்.