வாசகர் கேள்வி–பதில்: கடுங்குளிரில் நெடுந்தூர மிதிவண்டிப் பயணம்

கேள்வி: ஊர்கள் அதிகம் இல்லாத மலைச்சாலைகளில், இரவில் மைனஸ் 10 டிகிரி வரை இறங்கும் பருவத்தில் சில நாட்கள் மிதிவண்டியில் செல்ல எண்ணுகிறேன். ஒத்திகையாகச் சென்ற பயணங்களில் ஏறும்போது வியர்த்தும் இறங்கும்போது நடுங்கியும் துன்பப்பட்டேன். இன்னும் தடித்த மேலங்கி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், உங்களை நடுங்க வைத்தது பெரும்பாலும் அந்தத் தடித்த மேலங்கிதான். ஏற்றத்தில் மிதிக்கும் உடல் ஏராளமான வெப்பத்தை உண்டாக்குகிறது. அது வெளியேற வழியில்லாதபோது உள்ளாடை வியர்வையில் நனைந்துவிடும். உச்சியைத் தாண்டி மிதிக்காமல் உருளத் தொடங்கியதும் வெப்பம் பிறப்பது குறைய, எதிர்க்காற்றோ கூடிவிடுகிறது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவரின் மூடப்படாத தோலுக்கு, காற்று அசையாத இடத்தில் ஏறத்தாழ மைனஸ் 21 டிகிரியில் நிற்பது போன்ற குளிர் தெரியும். நனைந்த துணியோடு அந்தக் காற்றை எதிர்கொள்வது எத்தகையது என்பதை நீங்களே அனுபவித்திருக்கிறீர்கள்.

ஆகவே புறப்படும்போது சற்றுக் குளிர்வதாகத் தோன்றும் அளவுக்கே உடுத்துங்கள். பத்து நிமிடம் மிதித்தால் அது சரியாகிவிடும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ இருக்கட்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம். அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை ஒன்று போதும். பஞ்சடைத்த தடித்த மேலங்கி பையின் மேல்பகுதியில், எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வண்டியை நிறுத்திய உடனேயே, குளிர் தெரிவதற்கு முன்பாகவே அதை அணிந்துகொள்ளுங்கள். ஏற்றத்தின் அடியில் ஓர் அடுக்கைக் கழற்றுவதும், உச்சியில் இறங்குமுன் நின்று மீண்டும் போடுவதும் சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் உங்கள் நடுக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்தை நான் அறியேன். கால்களைப் பொறுத்தவரை, இரண்டு காலுறைகளை இறுக்கமான காலணிக்குள் திணிப்பதைவிட, விரல்கள் தாராளமாக அசையும்படி ஓர் அளவு பெரிய காலணி வாங்குவது மேல்.

கேள்வி: குடிநீர் உறையாமல் இருக்கவும், சமைக்கவும் என்ன ஏற்பாடு செய்வது?

பதில்: நீர் மேற்பரப்பிலிருந்துதான் உறையத் தொடங்கும், அதனால் புட்டியைத் தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி இப்போது மேலே இருக்கும் புட்டியின் அடிப்பகுதியில் சேர்ந்து, வாய் நெடுநேரம் அடைபடாமல் இருக்கும். இரவில் வெந்நீர் நிரப்பி, மூடியை நன்கு இறுக்கி, உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் கால்களுக்குக் கதகதப்பும் காலையில் உறையாத நீரும் கிடைக்கும். (உறக்கப்பையின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை பல நேரங்களில் தாங்கக்கூடிய எல்லையைக் குறிப்பதே தவிர, சுகமாக உறங்கும் அளவை அல்ல, வாங்குமுன் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அடுப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண பியூட்டேன் வாயு சுமார் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. எனவே குப்பி நிறைய வாயு இருந்தும் தீ எழாது. ஐசோபியூட்டேன் ஏறத்தாழ மைனஸ் 12 டிகிரி வரையிலும், புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரையிலும் ஆவியாகும். ஆனால் கலவைக் குப்பியில் புரோப்பேன் முதலில் தீர்ந்துபோவதால், பாதிக்கு மேல் செலவானதும் தீ சோர்ந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் குளிருக்கு, கையால் பம்பு அடித்து அழுத்தமேற்றும் பெட்ரோல் அடுப்பே நம்பகமானது. எந்த அடுப்பானாலும் மூடிய கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள். அடுப்பு வெளியிடும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது.

கேள்வி: மிதிவண்டியில் என்ன மாற்றங்கள் தேவை?

பதில்: ஃப்ரீவீலில் (மிதிக்காதபோதும் பின்சக்கரத்தைத் தானே சுழல விடும் பகுதியில்) உள்ள கெட்டியான கிரீஸைக் கழுவி, குளிருக்கேற்ற இளக்கமான எண்ணெய் இடச் சொல்லுங்கள், இல்லையேல் பெடல் சுழன்றாலும் சக்கரம் பிடிக்காத நிலை வரலாம். 20 டிகிரி அறையில் நிரப்பிய காற்று மைனஸ் 10 டிகிரியில் சுருங்கிவிடும் என்பதால் டயர் அழுத்தத்தை வெளியில் வைத்தே சரிபாருங்கள். பாதையில் பனிக்கட்டி இருந்தால் ஆணி பதித்த டயர்கள் அவசியம்.

கேள்வி: தனியாகச் செல்கிறேன். ஆபத்து நெருங்குவதை எப்படி அறிவது?

பதில்: உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே செல்வதே உடற்குளிர்ச்சி நிலை. பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் தடுமாறுவது, பேச்சு குழறுவது, காரணமின்றி எரிச்சல் வருவது ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். சிக்கல் என்னவென்றால், அந்நிலையில் நம் தீர்ப்புத்திறனும் மங்கிவிடுவதால் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்ற எண்ணத்தை நம்ப முடியாது. அதனால் முடிவைப் புறப்படுமுன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: விரல் தடுமாறினால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது, காற்று மறைவில் கூடாரம், உலர்ந்த உடை, இனிப்பான சூடான பானம். கடுமையாக நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு உடல் சூடாகாமலேயே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். தனியாளாக அப்போது செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதால், உங்கள் வழியையும் எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் தேடத் தொடங்க வேண்டும் என்பதையும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.