நான் இருப்பது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர். பெல்லட் (அழுத்திய மரத்தூள் துண்டு) அடுப்பு எரியத் தொடங்கி அரை மணியில் அணைந்துவிடுகிறது, பின்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். பெல்லட்டை நெருப்புக்கு அனுப்பும் ஃபீட் மோட்டாரை நானே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ செட், மல்டிமீட்டர், நல்ல வேக்கம் கிளீனர் போதும். ஆனால் புது மோட்டாருக்குப் பணம் கட்டும் முன், பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். பெல்லட் விழவில்லை என்றதும் பழி மோட்டார் மேல் விழுகிறது. பல வீடுகளில் மோட்டார் நன்றாக இருக்கும், அது சுற்றும் ஆகர்தான் (பெல்லட்டைத் தள்ளிக்கொண்டு போகும் திருகுத் தண்டு) இறுகியிருக்கும்.

நீங்கள் நியூ ஹாம்ப்ஷயர் என்று எழுதியிருப்பதால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் அடுப்பு என்றும், சாய்வான ஆகர் பெல்லட்டை மேலே தூக்கிக் குழாய் வழியாகப் போடும் வகை என்றும் வைத்துச் சொல்கிறேன்.

அடுப்பு முழுவதும் ஆறட்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இந்த மோட்டார் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சுற்றுதான் சுற்றும். அந்த மெதுவான வேகத்துக்காகவே கியர்பாக்ஸ் திருகு விசையை அத்தனை மடங்கு பெருக்குகிறது. ஆகருக்குள் விரல் இருந்தால் எலும்பை முறித்துவிடும்.

முதலில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். பிளக் வெளியே இருக்கும்போதே மல்டிமீட்டரின் கிளிப்புகளை மோட்டாரின் இரண்டு முனையிலும் மாட்டி, ஏசி வோல்ட்டில் வைத்து, கையை எடுத்த பிறகு அடுப்பைப் போடுங்கள். ஆகர் விட்டு விட்டுத்தான் ஓடும் என்பதால் சில விநாடிக்கு 120 வோல்ட் வரும், பிறகு போகும். அந்த நேரத்தில்கூட ஒன்றும் வரவில்லை என்றால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். பல மாடல்களில் வேக்கம் ஸ்விட்சும் (அடுப்புக்குள் காற்று இழுப்பு குறைந்தால் லைனைத் துண்டிப்பது) அதிவெப்ப ஸ்விட்சும் மோட்டாருக்குப் போகும் அதே லைனில் வரிசையாக இருக்கின்றன. கதவு கேஸ்கெட் (காற்றுக் கசியாமல் அடைக்கும் பட்டை) தேய்ந்தாலோ, புகைக்குழாயில் சாம்பல் அடைத்தாலோ, வேக்கம் ஸ்விட்சின் ரப்பர் டியூப் வெடித்தாலோ மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும். ஹாப்பர் (பெல்லட் கொட்டி வைக்கும் தொட்டி) மூடியின் ஸ்விட்சையும் பாருங்கள்.

மின்சாரம் வந்தும் சுற்றவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆகர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூவை (பக்கவாட்டில் இறுக்கும் சிறு திருகு) தளர்த்தி மோட்டாரை ஆகரிலிருந்து கழற்றுங்கள். ஹாப்பரைக் காலி செய்து, ஷாஃப்டை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அசையவில்லையா? அது ஜாம். தூள் கெட்டித்துப் போயிருக்கும், அல்லது ஈரம் பட்ட பெல்லட் ஊறவைத்த புண்ணாக்கு மாதிரி உப்பியிருக்கும். பெரும்பாலும் மேல் முனையில், பெல்லட் குழாய்க்குள் விழும் இடத்தில்தான் இறுகும். அங்கிருந்து கிளறி எடுங்கள்.

ஆகர் திரும்புகிறது, மோட்டார்தான் தனியாகவும் ஓடவில்லை என்றால் முடிவு செய்துவிடலாம். மோட்டாரின் திறந்த பக்கத்தில் தெரியும் ரோட்டார் (உள்ளே சுழலும் பகுதி) வேகமாகச் சுற்றி, வெளி ஷாஃப்ட் நின்றால் உள்ளே கியர் பல் போயிருக்கிறது. ரோட்டார் முனகிக்கொண்டு நடுங்கினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. உங்கள் அடுப்பு சூடான பிறகுதான் நிற்கிறது என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடேறியதும் நிற்பது தேய்ந்த மோட்டாரிடம் அடிக்கடி காணும் குணம். அதனால் மேஜையில் ஐந்து நிமிடம் ஓடியதை வைத்து 'நல்ல மோட்டார்' என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். எண்ணெய் விட்டால் சில நாள் ஓடும். ஜனவரிக் குளிரில் அதை நம்பி இருக்க வேண்டாம்.

வாங்கும்போது பழைய மோட்டாரின் லேபிளில் உள்ள சுற்று வேகம், வோல்ட், ஹெர்ட்ஸ், சுழலும் திசை, ஷாஃப்டின் விட்டம், நீளம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சுற்று மோட்டார் இருந்த இடத்தில் இரண்டு சுற்று மோட்டார் போட்டால், அடுப்பின் கன்ட்ரோல் போர்டு அதே விநாடிக் கணக்கில்தான் ஓட்டும், ஆனால் பெல்லட் இரு மடங்கு விழும். நெருப்பு மூச்சுத் திணறும், கரி படியும். திசை தவறினால் ஆகர் பெல்லட்டைக் கீழ்நோக்கித் தள்ளி அடித்தட்டில் இறுக்கிவிடும். இந்த வகை மோட்டாரில் ஒயரை மாற்றிச் சொருகினாலும் திசை மாறாது. திசையை ஷாஃப்ட் முனையை நேராகப் பார்த்துச் சொல்வதுதான் வழக்கம், இருந்தாலும் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றும் முன் ஒயர்களைப் படம் எடுங்கள். கனெக்டரை உலோகப் பகுதியில் பிடித்து இழுங்கள், ஒயரை இழுக்காதீர்கள். செட் ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால் துரு இளக்கும் ஆயிலை இரவே விட்டு வைத்துவிடுங்கள். கியர்பாக்ஸுக்குப் பின்னால் கம்பி கொடுத்து நெம்பினால் ஆகர் ஷாஃப்ட் வளையும், அதன் பிறகு எத்தனை மோட்டார் போட்டாலும் தங்காது. ஷாஃப்டை எமரி பேப்பரால் தேய்த்து, சூடு தாங்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட் (உலோகம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கொஞ்சம் தடவுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். ஆகரையும் வெளியே எடுத்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷின் ஆட்டத்தைப் பாருங்கள். ஆகர் தகட்டின் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள், இல்லையென்றால் காற்றுக் கசிந்து ஹாப்பருக்குள் புகை ஏறும்.

மாட்டும்போது செட் ஸ்க்ரூ ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும். பல அடுப்புகளில் மோட்டார் ஆகரிலேயே தொங்கும், ஒரு பிராக்கெட் அது சுற்றாமல் தடுக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் அசைகிறதே என்று கூடுதல் போல்ட் போட்டு இறுக்காதீர்கள். அந்த அசைவு இல்லாவிட்டால் விசையெல்லாம் கியர்பாக்ஸ் பேரிங்கில் விழும். புது மோட்டார் ஒரே சீசனில் போவதற்கு ஜாமுக்கு அடுத்த காரணம் இதுதான் என்பது என் கருத்து.

முதலில் பெல்லட் இல்லாமல் சில சுற்று ஓட்டிப் பாருங்கள். பெல்லட் போட்ட பிறகு ஆகர் குழாய் நிறையச் சில நிமிடம் ஆகும், அதற்குள் அடுப்பு 'பற்றவில்லை' என்று நின்றுவிடலாம். மறுபடி போடும் முன் பர்ன் பாட் (பெல்லட் எரியும் கிண்ணம்) உள்ளே குவிந்திருப்பதைக் காலி செய்தே ஆக வேண்டும். குவியல் புகைந்து வாயு சேர்ந்தால், ஒரே வீச்சில் பற்றிக் கதவையே உதறும்.

பெல்லட் மூட்டையையும் கவனியுங்கள். பிரீமியம் தரத்தில் தூள் 0.5 சதவீதத்துக்கும் ஈரம் 8 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. மூட்டையின் அடியில் தங்கும் தூளைச் சலித்துவிட்டுப் போடுங்கள், ஹாப்பர் மூலைகளை அவ்வப்போது வேக்கம் செய்யுங்கள்.

மோட்டாரைப் பிரித்தும் ஆகர் அசையவே இல்லை என்றால் அடுப்பின் மாடல் எண்ணோடு கமென்டில் எழுதுங்கள். ஆகரை வெளியே எடுக்கும் வழி மாடலுக்கு மாடல் மாறும்.